பூமிக்கடியில் அட்சய பாத்திரமா?

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதனால் உலகத்துக்கு நேர்ந்துவரும் கெடுதியைக் குறைக்க வேண்டுமென்று இப்பொழுது பல தேசங்களிலும் பலவிதமான யோசனைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று, பூமிக்குள் இருக்கும் வெப்பத்தை வெந்நீராகவும் நீராவியாகவும் வெளியே கொண்டுவந்து மின்சாரம் உண்டாக்குவதும், குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்குவதுமாகும். இது நல்ல யோசனை என்பதில் நமக்கு யாதொரு ஆக்ஷேபணையும் இல்லை. வெயில் மறைந்தாலும் காற்று ஓய்ந்தாலும் இது நிற்பதில்லை. புகையும் மிகக் குறைவு. ஆனால் இதைப்பற்றிப் பேசுகின்றவர்களில் பலர், பூமியின் சூடு தீரவே தீராதது என்றும், எவ்வளவு எடுத்தாலும் அவ்வளவும் தானே வந்து நிரம்பிக்கொள்ளும் என்றும் சொல்லி வருவதுதான் நமக்குச் சம்மதமில்லாத சங்கதியாயிருக்கிறது.

அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஒன்று புராணத்தில் உண்டு. கேட்டதையெல்லாம் கொடுக்கும் பசுவும் மரமுங்கூட அங்கேதான் உண்டு. அவைகளை நம்பாதவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகின்றவர்களே, அதே பாத்திரத்தை விஞ்ஞானத்தின் பேரால் பூமிக்குள் புதைத்து வைத்துக்கொண்டு, 'புதுப்பிக்கத்தக்க சக்தி' என்ற ஒரு புதுப் பேரையும் அதற்கு வைத்து, அந்தப் பேரையே மந்திரமாக உச்சரித்து வருவார்களேயானால், அதைப் பகுத்தறிவு என்று நாம் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? பேர் எதுவானாலும், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று கேட்பதல்லவா அறிவுள்ளவன் முதலில் செய்ய வேண்டிய காரியம்?

ஆகவே கணக்கைப் பார்ப்போம். சாதாரண நிலத்தில் ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறுகிறது. அந்தச் சூடு பாறையின் வழியாக மெள்ள மெள்ள மேலே வந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு வருகிறது என்றால், ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் முழுவதிலும் சேர்த்துச் சுமார் 60, 70 கிலோவாட்டுதான். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டில் ஒன்று 2 கிலோவாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தின் வரவு 30, 35 கெட்டில்களுக்குத்தான் காணும். எரிமலைப் பிரதேசங்களில் அடியிலிருந்து வெந்நீரே சூட்டைத் தூக்கிக்கொண்டு வருவதால் வரவு இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அங்கேயுங்கூட, ஒரு பெரிய மின்சார நிலையத்துக்காக மனிதன் எடுப்பது பெரும்பாலும் இயற்கையாக வந்து சேருவதைவிட அதிகமாகவே இருந்து வருகிறது.

அப்படியானால் மீதி எங்கிருந்து வருகிறது? பாறையிலே பல ஆயிரம் வருஷங்களாகச் சேர்ந்து கிடக்கும் சூட்டிலிருந்து வருகிறது. அதாவது வட்டி கொஞ்சம், முதலிலிருந்து எடுப்பது அதிகம் என்று அர்த்தம். முதலும் சிறியதல்ல. ஒரு கன கிலோமீட்டர் பாறை ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால் அதிலிருந்து கிடைக்கும் வெப்பம் சுமார் 70 கோடி யூனிட்டுக்குச் சமமாகும். ஆதலால் முதலில் கை வைக்கவே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. முதலில் கை வைக்கின்றவன் தான் முதலில் கை வைக்கிறோம் என்பதைத் தெரிந்து வைக்க வேண்டும். வட்டியில் சாப்பிடுகின்றோம் என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டு பிள்ளைகளின் சொத்தைக் கரைக்கக் கூடாது என்றுதான் சொல்லுகின்றோம்.

நிற்க, பூமிக்குள்ளிருந்து வெந்நீரும் ஆவியும் வருவதைக் கண்ட ஜனங்கள் ஆதியில் பயந்தார்கள். இத்தாலியில் டஸ்கனி பிரதேசத்தில் லார்டரெல்லோ என்னும் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குக்குப் 'பிசாசுப் பள்ளத்தாக்கு' என்றே பேர் இருந்தது. அந்தப் பிசாசின் மூச்சைக்கொண்டே 1904-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி பியரோ ஜினோரி கோன்டி என்பவர் ஒரு சிறு யந்திரத்தை ஓட்டி 5 மின்சார விளக்குகளை எரியவைத்துக் காட்டினார். 1913-ல் அங்கே 250 கிலோவாட் நிலையம் ஒன்று வேலை செய்யத் தொடங்கிற்று. விளக்கு எரிந்தது, பிசாசு போயிற்று. இது மனித அறிவின் பெருமைதான். ஆனால் பயம் காலி செய்த இடத்தில் அறிவு வந்து உட்கார வேண்டுமேயல்லாமல், பேராசை வந்து உட்காரக் கூடாது. அப்படிப் பேராசை வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு அத்தாட்சி இருக்கிறது.

கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வடக்கேயுள்ள மலைகளில் 'கெய்சர்ஸ்' என்று ஒரு இடம் உண்டு. பீச்சியடிக்கும் வெந்நீர் ஊற்று என்பது அந்தப் பேருக்கு அர்த்தம். ஆனால் அங்கே பீச்சியடிக்கும் ஊற்று ஒன்றுகூட இல்லை. பூமியின் வெடிப்புகளிலிருந்து ஆவிதான் வருகிறது. அங்கே 1960-ல் 11 மெகாவாட் யந்திரம் ஒன்று வைக்கப்பட்டது. அது லாபமாக ஓடவே, ஒன்று பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. 1980-களின் கடைசியில் சுமார் 2,000 மெகாவாட் அளவுக்கு அங்கே யந்திரங்கள் வந்துவிட்டன. உலகத்தில் இதற்கு மேலானது இல்லை என்று பேர் வாங்கிற்று. அந்தச் சமயத்தில்தான் கிணறுகளில் ஆவியின் அழுத்தம் வேகமாக விழ ஆரம்பித்தது. பல கோடி டாலர் செலவில் வைத்த யந்திரங்களுக்கு ஓட ஆவி போதவில்லை. சில நிலையங்கள் மூடப்பட்டன. அந்தப் பழைய உச்சத்தை அந்த வயல் மறுபடியும் எட்டவே இல்லை.

இதற்குக் காரணம் என்ன? பூமிக்குள் சூடு தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பாறையில் சூடு அப்படியே இருந்தது. சூட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வரும் தண்ணீர்தான் தீர்ந்துபோயிற்று. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கப் பானையில் தண்ணீர் சுண்டிப்போன கதைதான். வெளியே எடுத்த ஆவியில் பெரும்பகுதி, யந்திரத்தை ஓட்டிவிட்டு, குளிரூட்டும் கோபுரங்களின் வழியாக ஆகாயத்துக்குப் போய்விட்டது. கொஞ்சம்தான் திரும்பப் பூமிக்குள் விடப்பட்டது. அன்றியும், பூமிக்கடியில் இருந்த ஆவித் தேக்கம் ஒன்று. மேலே அதன்மீது குத்தகை வாங்கியிருந்த கம்பெனிகளோ பல. ஒரே கிணற்றில் நாலு பங்காளிகள் நாலு ஏற்றம் போட்டு, 'நான் நிறுத்தினால் அவன் இறைத்துவிடுவான்' என்று இரவும் பகலும் இறைத்தால் கிணறு என்ன ஆகும்? ஒவ்வொருவனுக்கும் தன் ஏற்றத்தின் கணக்குத் தெரியும். கிணற்றின் கணக்கைப் பார்க்க யாருக்கும் அக்கறை இல்லை.

பிறகு என்ன செய்தார்கள் என்றால், 1997-ல் லேக் கவுண்டி என்னும் பகுதியின் கழிவுநீரைச் சுத்தம் செய்து குழாய் வழியாகக் கொண்டுவந்து பூமிக்குள் விட்டார்கள். 2003-ல் சாந்தா ரோசா நகரத்துக் கழிவுநீரைச் சுமார் 65 கிலோமீட்டர் தூரம் குழாயில் ஏற்றிக் கொண்டுவந்து, தொடக்கத்தில் தினம் சுமார் 4 கோடி லிட்டர் வீதம் உள்ளே விட்டார்கள். அதன் பிறகுதான் வீழ்ச்சி மட்டுப்பட்டு, வயல் ஒரு நிதானத்துக்கு வந்தது. நகரத்தார் வேண்டாமென்று கழித்த நீர் பூமிக்குள் போய் ஆவியாகித் திரும்பவும் விளக்கெரிப்பது அழகான காரியந்தான். அதற்கும் விலை இல்லாமலில்லை. குளிர்ந்த நீர் சூடான பாறையில் இறங்குவதால் அந்தப் பக்கத்தில் சிறு சிறு நிலநடுக்கங்கள் உண்டாகின்றன. இந்த ஏற்பாட்டை 1960-களிலேயே யோசித்திருந்தால் எவ்வளவு பணமும் ஆவியும் மிஞ்சியிருக்கும்?

'கண்ணுக்குத் தெரியாத பூமிக்குள் நடப்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்ள முடியும்?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் தெரிந்தவர்கள்போலப் பேசி ஜனங்களை ஏமாற்றிப் பிழைக்கிற கூட்டம் ஒன்று உலகமெங்கும் இருப்பதால், இந்தச் சந்தேகம் வருவது நல்லதே. ஆனால் இதற்கு ஒரு வழி உண்டு. அதுதான் கம்ப்யூட்டரைக் கொண்டு பூமியின் மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. அது இன்னதென்று வாசகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது அவசியம்.

பூமிக்கடியில் பத்து மைல் அகலமும் இரண்டு மூன்று மைல் ஆழமும் உள்ள ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பல ஆயிரம் பெட்டிகளாகப் பிரித்ததாகப் பாவித்துக்கொள்ளுகின்றார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, பாறையில் துவாரம் எவ்வளவு, அதன் வழியாகத் தண்ணீர் எவ்வளவு சுலபமாகப் புகும் என்று எழுதிக்கொள்ளுகின்றார்கள். பிறகு ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கு எவ்வளவு நீரும் எவ்வளவு சூடும் போகும் என்று கணக்கிடுகின்றார்கள். இதற்கு வேண்டிய விதிகள் இரகசியமானவை அல்ல. மணலின் வழியாகத் தண்ணீர் எந்த வேகத்தில் செல்லும் என்பதைப் பிரான்சு தேசத்தில் டிஜோன் நகரத்துக் குடிதண்ணீர் இஞ்சினியரான ஹென்றி டார்சி என்பவர் 1856-லேயே சோதித்து எழுதி வைத்துவிட்டார். மற்றொரு விதி பலசரக்குக் கடைக்காரனுக்கும் தெரிந்தது: உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தால் மீதி இருப்பு. தண்ணீருக்கும் இதுதான், சூட்டுக்கும் இதுதான். இந்தச் சின்னக் கணக்கை ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு லட்சக்கணக்கான தடவை போட மனிதனுக்கு ஆயுள் போதாது என்பதால்தான் யந்திரம் வேண்டியிருக்கிறது. அதைத் தவிர யந்திரத்துக்கு வேறு மகிமை ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கு முறை ஒரே நாளில் வந்ததுமல்ல. நியூசிலாந்தில் வைரக்கே என்ற இடத்தில் 1958-ல் வெந்நீர்த் தேக்கத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். சுத்த ஆவியாக அல்லாமல் வெந்நீராகக் கிடைப்பதைக்கொண்டு பெரிய அளவில் மின்சாரம் எடுத்தது உலகத்தில் அதுவே முதல். எடுக்க எடுக்க, ஆழத்தில் அழுத்தம் குறைந்தது. பக்கத்தில் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் வந்துகொண்டிருந்த ஒரு பள்ளத்தாக்கின் ஊற்றுகள் அடங்கிப்போயின. ஓரிடத்தில் நிலம் கிண்ணம்போலக் குழிந்து, நாளாவட்டத்தில் சுமார் 15 மீட்டர் வரை இறங்கிவிட்டது. என்ன நடக்கிறது என்று அறிய வேண்டிய அவசியம் உண்டாயிற்று. 1969-ல் வைட்டிங், ரேமி என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் நிலத்தடித் தேக்கம் முழுவதையும் ஒரே பானையாகப் பாவித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு பானை பல பெட்டிகளாயிற்று. ஆக்லந்து பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஓசல்லிவன் முதலானவர்கள் 1980-களிலிருந்து அந்த வயலின் மாதிரியைத் திருத்தித் திருத்தி வளர்த்து வந்தார்கள். அமெரிக்காவில் பெர்க்லி ஆராய்ச்சிசாலையில் கார்ஸ்டன் புரூயெஸ் என்பவர் செய்த 'டஃப்' என்ற கணக்கு முறை உலகமெங்கும் உபயோகத்துக்கு வந்தது. 1980-ல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார், தனித்தனியே செய்யப்பட்ட பல கணக்கு முறைகளுக்கு ஒரே 6 கணக்குகளைக் கொடுத்து, விடைகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார்கள்.

இந்தக் கடைசிச் சங்கதியை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். ஒரே ஜாதகத்தைப் பத்து ஜோசியர்களிடம் கொடுத்து, பத்துப் பேரும் சொன்னதை ஒரே மேஜையின்மேல் வைத்து ஒத்துப் பார்ப்பதற்கு எந்த ஜோசியராவது சம்மதிப்பாரா? மாதிரிக்காரன் அதற்குச் சம்மதிக்கின்றான். அதோடு அவனுக்கு இரண்டு பரீட்சைகளும் உண்டு. முதல் பரீட்சை: மனிதன் கை வைப்பதற்கு முன் பூமி எப்படி இருந்ததோ அதை அவன் மாதிரி காட்ட வேண்டும். இதற்காகக் கணக்கில் பல ஆயிரம் வருஷங்களை ஓடவிட்டு, முடிவில் வரும் சூட்டைக் கிணறுகளில் அளந்த சூட்டோடு ஒத்துப் பார்க்கின்றார்கள். இரண்டாவது பரீட்சை: இறைக்க ஆரம்பித்த பிறகு வருஷா வருஷம் அழுத்தமும் சூடும் எப்படி மாறினவோ அதை அந்த மாதிரி சொல்ல வேண்டும். நடந்து முடிந்ததையே சரியாகச் சொல்லத் தெரியாதவனுக்கு இனி நடக்கப்போவதைச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது? இந்த இரண்டிலும் தேறாத மாதிரியைக் குப்பையில் போட்டுவிட்டுத் திருத்தி எழுதுகின்றார்கள். பொய்யானால் பொய் என்று தெரிந்துவிடும் படியாக ஒரு பேச்சு பேசப்படுமானால் அது அறிவின் பேச்சு. எது நடந்தாலும் 'நான் சொன்னபடியே நடந்தது' என்று சாதிக்கக்கூடிய பேச்சு பித்தலாட்டத்தின் பேச்சு.

ஆனால் இங்கே மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நாமும் ஏமாற்றுகின்றவர்களாவோம். பழைய கணக்கோடு ஒத்துவிட்டது என்பதாலேயே ஒரு மாதிரி எதிர்காலத்தைச் சரியாகச் சொல்லிவிடும் என்று நினைப்பதும் முட்டாள்தனமே ஆகும். கிணறுகள் சிலவே, அவற்றுக்கிடையில் உள்ள பாறையை யாரும் பார்த்ததில்லை. ஆகவே வெவ்வேறு விதமாகப் பாறையைப் பாவித்துக்கொண்ட இரண்டு மாதிரிகள் சென்ற 20 வருஷத்தை ஒரேவிதமாகக் காட்டிவிட்டு, வரும் 50 வருஷத்துக்கு வேறு வேறு விடை கொடுக்கக்கூடும். இதனால்தான் யோக்கியமான ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு மாதிரியோடு நிற்பதில்லை. நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் போட்டு, இவ்வளவுக்குக் குறையாது, இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு எல்லை சொல்லுகின்றார்கள். ஒரே ஒரு எண்ணைச் சொல்லி, 'கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது' என்று மேஜையைத் தட்டுகின்றவரிடம் ஜனங்கள் மிகவும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அசரீரி சொல்லிற்று என்பார்கள். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சொல்லிற்று என்கின்றார்கள். உள்ளே என்ன போட்டாய் என்று கேட்கக்கூடாது என்று சொல்லப்படுமானால் இரண்டும் ஒன்றுதான். பங்கு விற்பதற்காகப் போடும் கணக்கில் பாறையின் துவாரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்?

எனவே நல்ல மாதிரி என்பது யந்திரத்தின் சாமர்த்தியத்தில் இல்லை. அளவுகளிலும், அளவுகளைப் பலரும் பார்க்கும்படி வெளியிடுவதிலும்தான் இருக்கிறது. ஒரு கிணற்றில் சாயமோ ரசாயனப் பொருளோ கலந்த நீரை உள்ளேவிட்டு, அது பக்கத்துக் கிணற்றில் எத்தனை நாளில் வருகிறது என்று பார்க்கின்றார்கள். அதிவிரைவில் வந்துவிட்டால், திருப்பி விடும் குளிர்ந்த நீரும் அதே வழியாக ஓடிவந்து நல்ல கிணற்றைக் குளிர வைத்துவிடும் என்று அர்த்தம். இப்படி ஒவ்வொரு அளவும் மாதிரியின் ஒரு பொய்யை வெளியே இழுத்துப் போடுகிறது.

கணக்கைப் பார்த்து நடந்தால் பலன் உண்டா என்றால், உண்டு என்பதற்கு நியூசிலாந்திலேயே ரோட்டோருவா நகரம் சாட்சி. அங்கே போஹுட்டு என்னும் பீச்சியடிக்கும் ஊற்றும், அதைச் சுற்றி வெந்நீர்க் குளங்களும் உண்டு. அந்த வெந்நீரில் சமைத்தும் குளித்தும் மாவோரி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றார்கள். நகரத்திலோ வீட்டுக்கு வீடு, விடுதிக்கு விடுதி குழாய்க் கிணறு போட்டுச் சூட்டை இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றுகள் ஒவ்வொன்றாக அடங்க ஆரம்பித்தன. எங்கள் கிணற்றால் என்ன கெடுதி, இயற்கையாக அடங்குகிறது என்று கிணற்றுக்காரர்கள் சொல்லக்கூடுமல்லவா? 1980-களில் ஊற்றுகளையும் கிணறுகளையும் ஒழுங்காக அளந்து பார்த்தார்கள். 1986, 87-ம் வருஷங்களில் போஹுட்டு ஊற்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்த கிணறுகளைச் சர்க்கார் மூடவைத்தது. மற்றக் கிணறுகளுக்குக் கட்டணம் விதித்தது. கிணற்றை இழந்தவர்களுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பூமிக்குள் அழுத்தம் ஏறிற்று. அடங்கிக் கிடந்த ஊற்றுகளில் பல திரும்பவும் உயிர் பெற்றன. யாருடைய சாபத்தாலும் அவை அடங்கவில்லை; யாருடைய பூஜையாலும் அவை திரும்ப வரவில்லை. இறைப்பு குறைந்தது, ஊற்று வந்தது. அவ்வளவுதான்.

ஐஸ்லாந்து தேசத்தாரும் இவ்விஷயத்தில் நிதானமாக நடந்துகொண்டிருக்கின்றார்கள். ரெய்க்ஜாவிக் நகரத்தில் 1930-ல் வெந்நீரைக் குழாயில் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூடத்தையும் சில பத்து வீடுகளையும் சூடாக்க ஆரம்பித்தவர்கள், இன்று தேசத்தின் வீடுகளில் பத்தில் ஒன்பது பங்கை அப்படியே சூடாக்குகின்றார்கள். நகரத்தை அடுத்த பழைய வயல்களில் நீர்மட்டம் இறங்கி வந்தபோது, 1990-ல் நெஸ்யாவெட்லிர் என்ற புதிய இடத்திலிருந்து வெந்நீர் கொண்டுவந்து, பழைய இடத்தில் இறைப்பைக் குறைத்தார்கள். மட்டம் திரும்ப ஏறிற்று. அந்நாட்டு நிபுணர்கள் 2001-ல் ஒரு இலக்கணமும் வகுத்தார்கள். அதாவது, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு அளவு உண்டு. அந்த அளவுக்குள் எடுத்தால் 100 முதல் 300 வருஷம் வரை குறையாமல் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் அது நீடித்து நிற்கும் உபயோகம் ஆகாது என்பதேயாகும். அந்த அளவு எவ்வளவு என்பதை ஆரம்பத்தில் யாரும் சரியாகச் சொல்ல முடியாது. இறைத்துக்கொண்டே அளந்து, அளந்துகொண்டே கணக்கைத் திருத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குத்தான் மாதிரி.

100 வருஷம், 300 வருஷம் என்ற பேச்சில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. கம்பெனிக்காரனின் கடன் 20, 25 வருஷத்தில் தீர்ந்துவிடும். அதற்குமேல் வயல் என்ன ஆனால் அவனுக்கென்ன? மந்திரியின் பதவி 5 வருஷம். ஆனால் அந்த மண்ணில் இருக்கின்ற ஜனங்களுக்குத் தவணை கிடையாது. பிறக்காத பிள்ளைகளின் பங்கை யாரும் கேளாமலே இறைத்துவிட முடியும் என்பதால், அவர்கள் சார்பாகக் கணக்கு ஒன்று இருக்கவேண்டியது அவசியமாகிறது.

ஆகையால் இத்தொழிலை ஆரம்பிக்கும் எந்த தேசத்தாரும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரே தேக்கத்துக்கு ஒரே கணக்கு இருக்க வேண்டும். பங்காளிகள் எத்தனை பேரானாலும் அளவுகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். முதல் கிணறு வெட்டுமுன்பே ஊற்றுகளையும் சூட்டையும் நிலமட்டத்தையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். பிறகு அளந்தால் எதோடு ஒத்துப் பார்ப்பது? சிறிய யந்திரத்தோடு ஆரம்பித்து, பூமி பதில் சொன்ன பிறகே அடுத்ததை வைக்க வேண்டும். எடுத்த நீரைக் கூடியமட்டும் திருப்பி விட வேண்டும். வெப்பத்தில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்களவே மின்சாரமாவதால், மீதிச் சூட்டை வீட்டுக்கும் பயிருக்கும் உபயோகிக்க வழி தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரியையும் அதற்குள் போட்ட அளவுகளையும் கம்பெனியின் சம்பளம் வாங்காத நிபுணர்கள் பார்த்து, பொதுஜனங்களும் தெரிந்துகொள்ளும்படி செய்ய வேண்டும். வைரக்கேயில் அனுமதியின் நிபந்தனையாகவே, கம்பெனி செய்வதைப் பரிசீலிக்கத் தனி நிபுணர் குழு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. வியாபார இரகசியம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. பாறை கம்பெனி படைத்ததல்ல. அதன் சூடு கம்பெனி மூட்டியதுமல்ல.

இந்தியாவிலும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. லடாக்கில் பூகா பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகளை 1970-களிலேயே சர்க்கார் ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்தார்கள். 2021-ம் வருஷம் பிப்ரவரியில், முதலில் 1 மெகாவாட் அளவில் அங்கே மின்சாரம் எடுத்துப் பார்ப்பதென்று ஓ.என்.ஜி.சி.க்கும் லடாக் நிர்வாகத்துக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. கடும் குளிருள்ள அந்த மேட்டு நிலத்தில் சூடும் விளக்கும் கிடைப்பது பெரிய உபகாரம் என்பதில் சந்தேகமில்லை. அதனாலேயே சொல்லுகின்றோம்: 1 மெகாவாட்டாக இருக்கும்போதே கணக்கைத் திறந்து வையுங்கள். 100 மெகாவாட் ஆன பிறகு கணக்குக் கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் ஜனங்கள்தான் வற்றிய ஊற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முடிவாக, பூமிக்குள் பிசாசும் இல்லை, அட்சய பாத்திரமும் இல்லை. பாறையும் நீரும் சூடும் இருக்கின்றன. மூன்றையும் அளக்கலாம், மூன்றுக்கும் கணக்குப் போடலாம், கணக்குப் பிசகினால் திருத்தலாம். அளவோடு எடுத்தால் பேரப்பிள்ளைகளுக்கும் விளக்கெரியும். அளக்காமல் எடுக்கின்றவர்கள் எவ்வளவு விஞ்ஞானம் பேசினாலும், அவர்கள் நம்பிக்கைக்காரர்களே ஒழிய அறிவுக்காரர்கள் ஆகமாட்டார்கள். பூமியின் சூடு தீராது என்று இனி யாராவது வந்து சொன்னால், வாசகர்கள் வேறொன்றும் பேச வேண்டியதில்லை. 'எந்த வயலில், எவ்வளவு எடுத்தால், எத்தனை வருஷத்துக்கு? கணக்கைக் காட்டு' என்று மாத்திரம் கேட்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.